‘லார்ட்ஸ் ஆஃப் கேயாஸ்’: நார்வேயின் பிளாக் மெட்டலும் நாடகமாக்கப்பட்ட உண்மையும்

தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வரும்: இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல. வழக்கு வராமலிருக்க எழுதப்படும் வரி அது. யாரும் அதை நம்புவதுமில்லை. 2018இல் வெளிவந்த ‘லார்ட்ஸ் ஆஃப் கேயாஸ்’ படத்தின் அறிவிப்பு வேறு வகை. உண்மை, பொய்கள், நிஜமாகவே நடந்தவை ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டது இந்தப் படம் என்கிறது. எது எவ்வளவு என்று சொல்லவில்லை. படம் முடிந்ததும் பார்வையாளர் கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்குவது அதனால்தான். அந்தத் தேடலுக்கு உதவியாக, இந்த இசையைக் கேட்டிராதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படம் நார்வேயில் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் இயங்கிய பிளாக் மெட்டல் இசைக் கூட்டத்தைப் பற்றியது. அதில் ஒரு தற்கொலை உண்டு, இரண்டு கொலைகள் உண்டு, எரிக்கப்பட்ட தேவாலயங்கள் உண்டு. இவை நான்கும் நடந்தவை. சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள், சிலர் இன்றும் மேடையில் வாசிக்கிறார்கள். உண்மைக் கதையைப் படமாக்கும்போது எழும் எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரே படத்தில் குவிந்து கிடப்பதற்கு அதுவே காரணம்.

முதலில் இசை. ஹெவி மெட்டலின் பல கிளைகளில் மிகக் கடுமையானவற்றை ‘எக்ஸ்ட்ரீம் மெட்டல்’ என்று ஒரே பெயரில் சேர்ப்பார்கள். அதில் ஒன்று டெத் மெட்டல். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் செழித்தது. அடித்தொண்டையிலிருந்து உறுமும் குரல், கனமான கிதார், தேர்ந்த ஒலிப்பதிவு. இன்னொன்று பிளாக் மெட்டல். அந்தப் பெயர் 1982இல் இங்கிலாந்தின் வெனம் குழு வெளியிட்ட தொகுப்பின் தலைப்பு. சுவீடனின் பாத்தரியும் சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமரும் அதை இன்னும் கரடாக்கினார்கள். நார்வே இளைஞர்கள் இவற்றை எடுத்துக்கொண்டு புதிய இலக்கணமே எழுதினார்கள்.

அந்த இலக்கணம் ஏறக்குறைய இப்படி. குரல் உறுமாது, கீச்சிடும். கிதார் வாசிப்பவர் ஒரே நரம்பை மேலும் கீழுமாக அதிவேகமாக மீட்டிக்கொண்டே இருப்பார். தனித்தனிச் சுரங்கள் கரைந்து ஒரு திரைபோல விரியும். இதை ட்ரெமலோ என்பார்கள். பின்னால் டிரம்ஸ், தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுகிற வேகத்தில், இடைவெளியே இல்லாமல். அதற்கு பிளாஸ்ட் பீட் என்று பெயர். ஒலிப்பதிவு வேண்டுமென்றே மட்டமாக இருக்கும். படத்தின் இரண்டாம் நாயகனான வார்க் விகெர்னெஸ், பர்ஸம் என்ற பெயரில் தாம் வெளியிட்ட தொகுப்புகளில் ஒன்றைப் பதிவு செய்யும்போது, ஸ்டுடியோவில் இருப்பதிலேயே மோசமான மைக்கைக் கேட்டார். கிடைத்தது ஒரு ஹெட்செட்டில் பொருத்தியிருந்த மைக். அதிலேயே பாடினார். மெருகேற்றப்பட்ட டெத் மெட்டல் மீது இவர்களுக்கு இருந்த ஏளனம் இந்த முடிவுகளில் தெரியும். தங்களை ‘ட்ரூ’ (அசல்) என்றும் மற்றவர்களை ‘போஸர்’ (வெறும் வேடதாரி) என்றும் அழைத்துக்கொண்டார்கள். இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு சொற்கள் போதும் என்றே சொல்வேன். கதையில் நடக்கும் அத்தனை கொடுமைக்கும் அடியில் இருப்பது, போஸர் என்று பெயர் வாங்கிவிடக் கூடாது என்ற பயம்.

மேடையில் முகத்தை வெள்ளையும் கறுப்புமாகப் பூசிக்கொள்வார்கள். கார்ப்ஸ் பெயின்ட், அதாவது பிணப்பூச்சு. முகப்பூச்சு ராக் இசைக்குப் புதிதல்ல. ஆனால் அதைச் செத்தவனின் முகமாக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் பேர் ஈங்வே ஓலின் என்ற சுவீடன் இளைஞர். மேடைப் பெயர் டெட்.

1984இல் ஆஸ்லோவுக்கு அருகே பதின்வயதுப் பையன்கள் சிலர் தொடங்கிய குழு மேஹெம். அதன் கிதார் கலைஞர் ஓய்ஸ்டைன் ஆர்ஸெத். யூரோனிமஸ் என்ற பெயரில் இயங்கினார். 1988இல் டெட் பாடகராகச் சேர்ந்தார். மண்ணில் புதைத்துவைத்த உடைகளை எடுத்து அணிந்துகொண்டு மேடையேறுவார், செத்த பறவையை வைத்திருந்து முகர்ந்துவிட்டுப் பாடுவார், பாடும்போது தன் கையைக் கீறிக்கொள்வார். மற்றவர்களுக்கு வேடமாக இருந்தது அவருக்கு வேடமாக இல்லை. இன்றைக்கு அதைப் படிக்கும் யாருக்கும், சிகிச்சை தேவைப்பட்ட ஓர் இளைஞரைச் சுற்றி நின்று கைதட்டினார்கள் என்றுதான் தோன்றும். 1991 ஏப்ரல் 8 அன்று, குழு குடியிருந்த கிராமத்து வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். வயது 22. உடலை முதலில் கண்ட யூரோனிமஸ் காவல்துறையை அழைப்பதற்கு முன் கடைக்குப் போய்ப் புகைப்படக் கருவி வாங்கி வந்து படம் எடுத்தார். பின்னாளில் அந்தப் படங்களில் ஒன்று, திருட்டுப் பதிப்பாக வெளிவந்த ஓர் இசைத் தொகுப்பின் அட்டையில் ஏறியது. தேடிப் பார்க்காதீர்கள், பார்த்து அறிந்துகொள்ள அதில் எதுவுமில்லை. குழுவின் பேஸ் கிதார் கலைஞர் நெக்ரோபுட்சர் இந்தப் புகைப்பட விவகாரத்தால் வெறுத்துப்போய் விலகினார்.

அதே ஆண்டு யூரோனிமஸ் ஆஸ்லோவில் ஓர் இசைத்தட்டுக் கடை திறந்தார். பெயர் ஹெல்வெட்டே, நார்வே மொழியில் நரகம். கடையைச் சுற்றி ஒரு கூட்டம் உருவானது. அதற்குக் ‘கறுப்பு வட்டம்’ என்ற பெயரும் வந்தது. அது கட்டுக்கோப்பான அமைப்பொன்றும் இல்லை, கடையில் வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு வைத்த பெயர்தான் என்று அதில் இருந்தவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். பெர்கன் நகரிலிருந்து வந்து இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் விகெர்னெஸ். குழுவென்று எதுவும் இல்லாமல் பர்ஸம் என்ற பெயரில் எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துப் பதிவு செய்தவர். யூரோனிமஸ் தம் சொந்த நிறுவனத்தின் மூலம் அவற்றை வெளியிட்டார்.

1992 ஜூன் 6 அன்று பெர்கனுக்கு அருகே ஃபான்டாஃப்ட் தேவாலயம் எரிந்து சாம்பலானது. 12ஆம் நூற்றாண்டில் முழுக்க மரத்தால் கட்டப்பட்டது அது. நார்வேயில் அந்த வகை இடைக்காலக் கோயில்களில் இன்று மிஞ்சியிருப்பவை 28 மட்டுமே என்றால் இழப்பின் அளவு புரியும். எரிந்த சிதிலத்தின் புகைப்படம் பர்ஸம் வெளியீடு ஒன்றின் அட்டைப்படமாக வந்தது. அடுத்தடுத்து வேறு தேவாலயங்களும் எரிந்தன. ஒரு தீயை அணைக்கும்போது தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் லில்லெஹாமர் நகரில், இதே கூட்டத்தைச் சேர்ந்த எம்பரர் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஃபாஸ்ட், முன்பின் அறியாத ஒரு மனிதரைக் குத்திக் கொன்றார். கொல்லப்பட்டவர் தன்பாலின ஈர்ப்பாளர். கொன்றவருக்கு அப்போது வயது 18.

நார்வேயில் ஏன் இப்படி என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். எண்ணெய் வளத்தால் செழித்த நாடு, குற்றம் குறைவு, லூத்தரன் திருச்சபைதான் 2012ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் வரை அரசின் மதம். சலிப்பும் வசதியும் சேர்ந்து இப்படி ஆக்கிவிட்டன என்று எழுதுவது எளிது. ஆனால் அதே சலிப்பிலும் வசதியிலும் வளர்ந்த லட்சக்கணக்கானோர் எதையும் கொளுத்தவில்லை. ஒருவரையொருவர் விஞ்ச முயன்ற இருபது வயதுப் பையன்களின் சிறிய கூட்டம் என்ற விளக்கமே எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது. படமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது.

1993 ஜனவரியில் விகெர்னெஸ் ஒரு பத்திரிகையாளரிடம் தேவாலயங்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டார். காவல்துறை விழித்தது, ஊடகங்கள் மொய்த்தன, ஹெல்வெட்டே மூடப்பட்டது. யூரோனிமஸுக்கும் விகெர்னெஸுக்கும் இடையே பகை முற்றியது. பணம், பெயர், யார் தலைவன் என்பதெல்லாம் அதில் கலந்திருந்தன. 1993 ஆகஸ்ட் 10 அதிகாலையில் விகெர்னெஸ் பெர்கனிலிருந்து கார் ஓட்டி வந்து, ஆஸ்லோவில் யூரோனிமஸின் குடியிருப்பில் அவரைக் குத்திக் கொன்றார். உடலில் 23 காயங்கள். 1994 மே மாதம் 21 ஆண்டு சிறைத் தண்டனை. அந்நாட்டின் அதிகபட்சம் அது. 2009இல் வெளியே வந்தார்.

இவ்வளவையும் எடுத்து இரண்டு மணி நேரப் படமாக்கியவர் யோனாஸ் ஓக்கர்லுண்ட். மடோனா, லேடி காகா ஆகியோரின் இசைக் காணொளிகளை இயக்கிப் புகழ்பெற்ற சுவீடன்காரர். அதற்கு வெகு முன்பு, 1980களின் தொடக்கத்தில், மேலே சொன்ன பாத்தரி குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். ஆகவே வெளியாள் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. படத்துக்கு மூலம் 1998இல் வெளிவந்த அதே பெயருடைய புத்தகம். யூரோனிமஸாக நடித்தவர் ரோரி கல்கின், ‘ஹோம் அலோன்’ சிறுவனின் தம்பி. விகெர்னெஸாக எமரி கோஹன், டெட்டாக ஜேக் கில்மர்.

இனி, நாடகமாக்குதல் என்றால் என்ன? ஆவணப்படத்தில் சம்பந்தப்பட்டவரே வந்து பேசுவார். அவர் பொய் சொல்லலாம். ஆனால் அது அவருடைய பொய். நாடகமாக்கப்பட்ட படத்தில் நடிகர் வருகிறார், யாரோ எழுதிய வசனத்தைப் பேசுகிறார். வித்தியாசம் இதோடு முடிந்துவிட்டால் பெரிய விஷயமில்லை. சிக்கலே யாரும் பார்க்காத அறைகளில்தான்.

யூரோனிமஸ் கொல்லப்பட்ட குடியிருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்தவர்கள் இருவர். ஒருவர் செத்துவிட்டார். மற்றவர், யூரோனிமஸ்தான் தன்னைக் கடத்திச் சித்திரவதை செய்து கொல்லத் திட்டமிட்டிருந்தார் என்றும், அன்று அவர் கத்தியெடுக்கச் சமையலறையை நோக்கி ஓடினார் என்றும், தான் தற்காத்துக்கொண்டதாகவும், காயங்கள் பல உடைந்த கண்ணாடியில் விழுந்ததால் ஏற்பட்டவை என்றும் இன்றுவரை சொல்லிவருகிறார். கூட வந்த ஸ்னோரே ரூக் மாடிப்படியில் நின்றிருந்தார். அவருக்கும் 8 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. நீதிமன்றம் திட்டமிட்ட கொலை என்றது. ஓர் ஆவணப்படம் இந்த இரண்டு கூற்றுகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். நாடகப் படத்தால் அது இயலாது. நடிகரின் கை கத்தியை நோக்கிப் போயாக வேண்டும் அல்லது போகாமலிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காட்சியை எடுக்க முடியாது. ஓக்கர்லுண்ட் நீதிமன்றத்தின் பக்கம் நின்று எடுத்திருக்கிறார். யூரோனிமஸ் கெஞ்சுகிறார், தப்பப் பார்க்கிறார், விகெர்னெஸ் விடுவதில்லை. பார்க்கச் சகிக்காத நீண்ட காட்சி அது. கொலை என்பது இந்தப் பையன்கள் பாட்டில் எழுதியதுபோல் கம்பீரமான காரியமல்ல, அசிங்கமானது, மூச்சுவாங்க வைப்பது என்று காட்டுவதற்காக அந்த நீளத்தை நான் ஏற்கிறேன். டெட்டின் தற்கொலைக் காட்சிக்கு அந்த நியாயம் பொருந்தவில்லை. அங்கே கேமரா நிற்கும் நேரத்துக்குத் தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்வேன்.

தீர்ப்பை விட்டுப் படம் விலகும் இடமும் உண்டு. படத்தில் ஃபான்டாஃப்டை எரிப்பவர் விகெர்னெஸ். நிஜத்தில் வேறு தேவாலயங்களை எரித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்ற அவர், ஃபான்டாஃப்ட் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர்தான் எரித்தார் என்று நம்புவோர் ஏராளம். அட்டைப்படமும் அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டது. ஆனாலும் சட்டப்படி நிரூபணமாகாத ஒன்றைத் திரை ஐயமின்றிக் காட்டிவிடுகிறது, படம் பார்த்தவர் மனத்தில் அது வரலாறாகவே தங்கிவிடுகிறது.

இதோடு ஒப்பிட்டால் முழுக் கற்பனையான சேர்க்கைகள் அவ்வளவு ஆபத்தில்லாதவை. ஸ்கை ஃபெரேரா நடித்த காதலி ஆன்-மரிட் அந்தப் பெயரில் வாழ்ந்தவரல்ல, படத்துக்காக உருவாக்கப்பட்டவர். எல்லோரும் அமெரிக்க ஆங்கிலம் பேசுகிறார்கள். முதல் பத்து நிமிடம் உறுத்தும், பிறகு பழகிவிடும். எனக்கு இன்னும் பழகாதது நடிகர்களின் வயது. கல்கினும் கோஹனும் இருபதுகளின் பிற்பகுதியில் இருந்தபோது இதில் நடித்தார்கள். கொலை நடந்தபோது விகெர்னெஸுக்கு வயது 20. வளர்ந்த ஆண்களின் மோதலாகத் திரையில் தெரிவது, நிஜத்தில் அண்மையில்தான் பள்ளியைத் தாண்டியவர்களின் விவகாரம்.

ஆனால் படத்தின் மிகப் பெரிய தீர்மானம் இவை எதுவுமல்ல. கதையைச் சொல்பவர் யூரோனிமஸ். செத்துப்போனவரின் குரல் தொடக்கத்திலேயே, இது என் கதை, நல்லபடியாக முடியாது என்று அறிவித்துவிடுகிறது. அந்த ஒரு தேர்விலிருந்து மற்றதெல்லாம் தாமாக விளைகின்றன. குரல் எவருடையதோ அவருக்கு நகைச்சுவை உணர்வும் சந்தேகமும் மனசாட்சியும் கிடைத்துவிடும். படத்து யூரோனிமஸ் ஒரு விளம்பரக்காரர். சாத்தான், தீமை என்றெல்லாம் பேசி இசைத்தட்டு விற்பவர். தான் சொன்னதை ஒருவன் நிஜமாகவே செய்துவிட்டதும் மிரண்டுபோகிறவர். நண்பனின் சடலத்தைப் புகைப்படம் எடுத்தவரை நாம் மன்னிக்கத் தொடங்கிவிடுகிறோம். விகெர்னெஸுக்கோ இந்தச் சலுகை கிடையாது. ஸ்கார்பியன்ஸ் குழுவின் துணிச்சின்னம் தைத்த ஜாக்கெட்டோடு வந்து கேலிக்கு ஆளாகும் அப்பாவியாக நுழைகிறார், கொலைகாரராக வெளியேறுகிறார். பத்திரிகையாளர் வருவதற்கு முன் அறையில் மெழுகுவத்திகளையும் வாள்களையும் கொடிகளையும் எடுத்து அடுக்கும் காட்சி படத்திலேயே சிரிக்க வைக்கும் காட்சி. அதே கதையை விகெர்னெஸின் குரலில் எழுதியிருந்தால் அறை ஜோடனை நகைச்சுவையாக இருந்திருக்காது, யூரோனிமஸ் கோழையாகத் தெரிந்திருப்பார்.

லில்லெஹாமரில் கொல்லப்பட்டவரின் குரலில் யாரும் எழுதவில்லை. படத்தில் அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். எங்கிருந்து வந்தார், அவருக்கு யார் இருந்தார்கள் என்று எதுவும் இல்லை. அடுத்த காட்சிக்குக் கதை நகர்ந்துவிடுகிறது. ‘இந்தக் காட்சி உண்மையா’ என்று தேடுபவர்கள் பெரும்பாலும் ஜாக்கெட்டையும் காதலியையும் சரிபார்க்கிறார்கள். யாருடைய பார்வை என்று பார்த்தால், படத்தின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது என்பேன். யூரோனிமஸ் எல்லாமே விளம்பரம் என்று நம்மைச் சமாதானப்படுத்துவது இந்த மனிதர் விஷயத்தில் செல்லுபடியாகாது. படமும் அந்த இடத்தில் நிற்காமல் கடந்துவிடுகிறது.

விகெர்னெஸ் படத்தைக் கடுமையாகத் தாக்கினார், எதிர்பார்த்ததுதான். தம் இசையைப் பயன்படுத்தவும் அனுமதி தரவில்லை. அவர் பேச்சை எடைபோடும்போது 2014இல் பிரான்ஸ் நீதிமன்றம் இனவெறுப்பைத் தூண்டியதற்காக அவருக்குத் தண்டனை விதித்ததையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நெக்ரோபுட்சரும் தொடக்கத்தில் படத்துக்கு எதிராகவே பேசினார். ஆனால் மேஹெமின் இசை இறுதியில் படத்தில் இடம்பெற்றது. அக்குழுவின் பாடகர் அட்டிலா சிஹாரின் பாத்திரத்தில் நடித்தது அவருடைய சொந்த மகன்.

படம் பார்த்துவிட்டு இந்த இசையைக் கேட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பின்னணி இசை ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவினுடையது. மிதந்து செல்லும் மென்மையான இசை, பிளாக் மெட்டலுக்கு நேர் எதிர்த் துருவம். மேடைக் காட்சிகள் நீங்கலாக, இவர்கள் எதற்காக இவ்வளவு பாடுபட்டார்கள் என்பது படத்தில் அதிகம் காதில் விழுவதே இல்லை. எட்டிப் பார்க்க விரும்பினால் மேஹெமின் ‘டே மிஸ்டேரீஸ் டோம் சாத்தானாஸ்’ தொகுப்பிலிருந்து தொடங்கலாம். பெர்கனில், இசையமைப்பாளர் க்ரீக்கின் பெயரைத் தாங்கிய அரங்கில் பதிவு செய்யப்பட்டு, யூரோனிமஸ் இறந்த பிறகு 1994இல் வெளிவந்தது. கிதார் அவருடையது, பேஸ் கிதார் விகெர்னெஸுடையது. பேஸ் பகுதியை நீக்கிவிடும்படி யூரோனிமஸின் பெற்றோர் கேட்டார்கள். சரி என்று சொன்ன டிரம்ஸ் கலைஞர் ஹெல்ஹாமர் (சுவிட்சர்லாந்துக் குழுவின் பெயரைச் சூட்டிக்கொண்டவர்) நீக்கவில்லை. அடுத்து டார்க்த்ரோனின் ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’. குற்றம் எதிலும் சிக்காத இருவர் சேர்ந்த குழு, இந்த இசையின் எலும்புக்கூட்டை மட்டும் கேட்கலாம். நேரமிருந்தால் 2008ஆம் ஆண்டின் ‘அன்டில் த லைட் டேக்ஸ் அஸ்’ ஆவணப்படத்தையும் பாருங்கள். சிறையிலிருந்த விகெர்னெஸ் அதில் தாமே பேசுகிறார், நிதானமாக, நாகரிகமாக, கேட்பவர் தலையசைத்துவிடும் விதத்தில். நாடகப் படத்தின் கோமாளியைப் பார்த்த பிறகு அதைப் பார்ப்பது கொஞ்சம் அச்சுறுத்தும்.

கேட்கும்போது பாடல் வரிகளைத் துரத்த வேண்டாம். நார்வே மொழி தெரிந்தவர்களுக்கே பாதிதான் புரியும். கிதாரை மட்டும் பின்தொடருங்கள். இரைச்சலுக்கு உள்ளே மெதுவாக நகரும் ஒரு மெட்டு பத்து நிமிடத்தில் பிடிபடும். பிடிபடாவிட்டால் அணைத்துவிடுங்கள், யாரும் போஸர் என்று சொல்லப்போவதில்லை.